விதையில் பாதி, வயலில் பாதி: செங்கல்பட்டு நெல் சொல்லும் வரலாறு



மாமல்லபுரத்துக் கடற்கரையில் நின்று மேற்கே பார்த்துப் புறப்பட்டால், முதலில் வருவது மணல் மேடும் சவுக்குத் தோப்பும். அதைத் தாண்டினால் பக்கிங்காம் கால்வாயும், அதன் இரு கரையிலும் உவர் நிலமும். அப்புறம் செம்மண் மேடு. அதற்கும் அப்பால் ஏரிப் பாசன வயல்கள். மதுராந்தகம் மாதிரி கடல் போலத் தெரிகிற ஏரியும் உண்டு, ஊருக்கு ஊர் சித்தேரியும் உண்டு. காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் இத்தனை வகை நிலத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். இந்த ஒவ்வொரு நிலத்துக்கும் தகுந்த மாதிரி ஒரு நெல் நம்ம முன்னோர்களிடம் இருந்தது. உவருக்கு ஒன்று, ஏரி உள்வாய்க்கு ஒன்று, மழைக்காலத்துக்கு ஒன்று.

அந்த நெல்லெல்லாம் எப்படி அந்தந்த நிலத்துக்குப் பொருந்தி வந்தது? "கடவுள் கொடுத்தது" என்று பெரியவங்க சொல்லுவாங்க. அது இருக்கட்டும். கொடுத்த விதம் எப்படி என்று கடந்த நூற்றைம்பது வருஷத்தில் விஞ்ஞானிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தக் கதையில் நம்ம செங்கல்பட்டுச் சீமைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இன்றைக்கு அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு களையை எடுத்துக்கொள்வோம். நெல் வயலில் நெல்லைப் போலவே ஒரு புல் நிற்கும். குதிரைவாலிக்குச் சொந்தக்காரப் புல் அது. கதிர் தள்ளுகிற வரைக்கும் அதை அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டம். கெட்டிக்காரப் பெண்கள் மட்டும் இலை தண்டோடு சேருகிற இடத்தைப் பார்ப்பாங்க. நெல்லுக்கு அங்கே மெல்லிய சவ்வு நாக்கு ஒன்று இருக்கும். இந்தப் புல்லுக்கு இருக்காது.

இந்தப் புல்லுக்கு நெல் வேஷம் போடச் சொல்லிக் கொடுத்தது யார்? வேறு யாருமில்லை, களை எடுத்த நம்ம கைதான். ஆதியில் அந்தப் புல்லில் பல விதம் இருந்தது. சிலது படர்ந்து வளரும், சிலது நிமிர்ந்து நிற்கும். படர்ந்தது கண்ணில் பட்டது, பிடுங்கி எறிந்தோம். நெல் மாதிரி நிமிர்ந்து நின்றது தப்பித்தது, விதை உதிர்த்தது. அதன் பிள்ளையும் அதைப் போலவே நிமிர்ந்து நின்றது. அதிலும் நெல்லுக்கு ரொம்ப ஒத்தது மட்டும் மறுபடி தப்பித்தது. இப்படி நூற்றுக்கணக்கான வருஷம் நடந்தால் என்ன ஆகும்? சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில் வளரும் இந்தப் புல்லின் மரபணுக்களைப் பரிசோதித்து 2019-ஆம் ஆண்டு ஒரு ஆய்வு வெளியானது. சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நெல் வேஷக்காரப் புல் தனியாகப் பிரிந்துவிட்டது என்று அதில் கண்டார்கள்.

இதில் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று, விதைக்கு விதை வித்தியாசம் இருக்க வேண்டும், அந்த வித்தியாசம் பிள்ளைக்கும் இறங்க வேண்டும். இரண்டு, எது நிற்கும் எது போகும் என்று பிரிக்கிற சல்லடை ஒன்று இருக்க வேண்டும். களை எடுக்கிற கை ஒரு சல்லடை. வெள்ளம் ஒரு சல்லடை. உப்பு, பனி, பூச்சி, நோய் எல்லாமே சல்லடைதான். விதைக்குள் இருக்கும் வித்தியாசத்தை ஆராய்வது மரபியல். வயலிலும் காட்டிலும் நடக்கும் சலிப்பை ஆராய்வது சூழலியல். ஒன்றை விட்டு மற்றொன்றைப் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க உலகத்துக்கே வெகு நாள் ஆனது. 1859-இல் இங்கிலாந்துக்காரர் சார்லஸ் டார்வின் சல்லடையைப் பற்றி எழுதினார். ஆடுமாடு, புறா வளர்ப்பவர்களும் பயிர் செய்பவர்களும் நல்லதைப் பொறுக்கி விதைக்கு வைப்பதிலிருந்துதான் அவர் தன் புத்தகத்தையே ஆரம்பித்தார். ஆனால் குணம் எப்படி இறங்குகிறது என்பது அவருக்கு விளங்கவில்லை. 1866-இல் கிரெகர் மெண்டல் என்ற பாதிரியார் பட்டாணிச் செடியை ஒட்டுச் சேர்த்துப் பார்த்து அதற்கு விடை எழுதினார். தாயிடமிருந்து ஒரு கூறு, தகப்பனிடமிருந்து ஒரு கூறு. அவை கலந்து கரைந்து போவதில்லை, மறைந்திருந்து பேரனிடம் மறுபடி தலைகாட்டும் என்றார். அதை 1900 வரை யாரும் சட்டை செய்யவில்லை. 1920, 30-களில்தான் மூன்று பேர் கணக்குப் போட்டு இரண்டையும் இணைத்தார்கள். அவர்களில் ஒருவர் ஹால்டேன். அவர் 1957-இல் நம்ம நாட்டுக்கே குடிவந்து, இந்தியப் பிரஜையாகி, 1964-இல் புவனேஸ்வரத்தில் காலமானார்.

இப்போது நம்ம நெல்லுக்கு வருவோம்.

பழைய நீண்டகாலச் சம்பா ரகங்களைப் பாருங்கள். ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கதிர் தள்ளும். அந்தப் பயிர் தன் வயசைக் கணக்குப் பார்ப்பதில்லை, பகல் நேரம் குறைவதைத்தான் கவனிக்கிறது. நம்ம ஊரில் ஆனி மாதத்துப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அதைக்கூட அந்தப் பயிர் உணர்ந்துகொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூத்தால் மகரந்தம் கழுவிப் போகும், பதர்தான் மிஞ்சும். மழை ஓய்கிற சமயம் பார்த்துப் பூத்த பயிர்தான் தையில் களத்துக்கு வந்தது, அதன் விதைதான் அடுத்த வருஷம் நாற்றங்காலுக்குப் போனது. வடகிழக்குப் பருவமழை சலித்துக் கொடுத்த நெல் அது. அதே சம்பாவைச் சொர்ணவாரிப் பட்டத்தில் விதைத்தால் பகல் குறைகிற வரைக்கும் கதிர் வராமல் வெறும் தழையாக நிற்கும். சொர்ணவாரிக்கும் நவரைக்கும் நாள் கணக்கில் விளைகிற குறுகியகால ரகம்தான் சரிப்படும். நெல்லில் குறை இல்லை, பட்டம்தான் மாறிப்போனது.

அடுத்து ஏரி உள்வாய். மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் அந்த நிலம் முழுகிவிடும். அங்கே பயிர் செய்யவும் நம்மவர்களிடம் நெல் இருந்தது. மடுமுழுங்கி, சம்பா மோசனம் என்ற பெயர்களை நம்ம பக்கத்துப் பெரியவங்க கேள்விப்பட்டிருப்பாங்க. இப்படிப்பட்ட ஆழ்நீர் நெல்லுக்குத் தண்ணீர் ஏற ஏறத் தண்டும் ஏறும். இது எப்படி நடக்கிறது? தண்டு முழுகினால் அதற்குள் எத்திலீன் என்ற வாயு வெளியே போக வழியில்லாமல் தேங்கும். வாழைக்காயைப் பழுக்க வைக்கிற அதே வாயுதான். அது சேர்ந்ததும் தண்டை நீட்டும்படி உத்தரவு போடுகிற இரண்டு மரபணுக்களை 2009-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

ஒடிசாவில் வேறு விதமான நெல் ஒன்று இருந்தது. அங்கே வெள்ளம் திடீரென்று வரும், பத்துப் பதினைந்து நாளில் வடிந்துவிடும். அந்த இடத்தில் எட்டி வளர்ந்தால் பலம் எல்லாம் செலவாகி, தண்ணீர் வடிந்ததும் பயிர் சாய்ந்துவிடும். அதனால் அந்த நெல் மூச்சை அடக்கிக்கொண்டு வளராமல் உட்கார்ந்திருக்கும். வெள்ளம் போனதும் துளிர்க்கும். அதற்குக் காரணமான மரபணுவை 2006-இல் கண்டார்கள். அதைச் சேர்த்து உண்டாக்கியதுதான் நம்ம டெல்டாவில் பயிராகிற சி.ஆர். 1009 சப்-1. பாருங்கள், எதிரி ஒரே தண்ணீர்தான். தேங்கி நிற்கிற இடத்தில் வளர்ந்தது பிழைத்தது, வந்து வடிகிற இடத்தில் அடங்கியது பிழைத்தது. எது நல்ல குணம் என்று விதையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. நிலத்தையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கடற்கரைப் பக்கம் போனால் உப்பு. கேளம்பாக்கத்திலும் செய்யூரிலும் உப்பளம் இருக்கிற பூமி நம்மது. உப்பு தண்டு வழியாக ஏறி இலைக்குப் போனால் இலை நுனி கருகும், பயிர் காயும். வங்காளத்து உவர் நிலத்து நெல்லான நோனா பொக்ராவில் இதைத் தடுக்கிற மரபணு ஒன்றை 2005-இல் கண்டுபிடித்தார்கள். மேலே ஏறும் சாற்றிலிருந்து உப்பைத் திரும்ப இழுத்து, இலைக்கு எட்டாமல் அது காக்கிறது. கேரளத்துப் பொக்காளி நெல்லும் இப்படி உப்பைத் தாங்கும். நம்ம தமிழ்நாட்டில் களர்பாலை, குழியடிச்சான் என்று உவருக்கும் களருக்கும் பெயர் போன நெல் உண்டு. எத்தனையோ தலைமுறை உப்பு சலித்து மிச்சம் வைத்தவை இவை.

இவ்வளவும் பழங்கதை. சென்ற நூற்றாண்டில் நம்ம சீமையில் நடந்ததை இனிச் சொல்கிறேன்.

1942-இல் திரூர்குப்பத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்தார்கள். அது அன்றைய செங்கல்பட்டு மாவட்டம். 1997-இல் மாவட்டம் பிரிந்த பிறகு திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. டி.கே.எம். என்று தொடங்கும் ரகமெல்லாம் அந்த ஊர்ப் பெயரைத் தாங்கியவை. 1952-இல் அங்கிருந்து டி.கே.எம். 6 வெளியானது. கோ 18 ரகத்தையும் ஜி.இ.பி. 24 ரகத்தையும் ஒட்டுச் சேர்த்துப் பிறந்த நெல் அது. ஜி.இ.பி. 24 என்பது 1921-இல் வந்த சன்ன நெல். தஞ்சாவூர்ப் பக்கம் "ரேடியோ நெல்" என்று ஜனங்கள் அழைத்தார்களே ஆடுதுறை 27, அதற்கும் இந்த ஜி.இ.பி. 24-தான் ஒரு பெற்றோர்.

1966-இல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். எட்டை வெளியிட்டது. குட்டை நெல், உரம் போட்டாலும் சாயாது, விளைச்சல் கொட்டும். ஆனால் நோய்க்கும் பூச்சிக்கும் அது இளப்பமாக இருந்தது. எதிர்ப்பு உள்ள நெல்லைத் தேடி உலகத்து நெல்லையெல்லாம் சோதித்தார்கள். தண்டு துளைப்பானைத் தாங்குவதில் நம்ம டி.கே.எம். 6 முன்னணியில் நின்றது. அதை ஒட்டுச் சேர்த்து 1969-இல் கொண்டுவந்ததுதான் ஐ.ஆர். 20. 1970-களில் தமிழ்நாடு முழுக்க நாம் அள்ளிப் பயிரிட்டோமே, அதே ஐ.ஆர். 20. பிலிப்பைன்ஸ் போய்விட்டுத் திரும்பி வந்த நம்ம வீட்டுப் பிள்ளை!

தண்டு துளைப்பான் மட்டுமில்லை. பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்கும் மரபணு ஒன்றும் டி.கே.எம். 6 வழியாகத்தான் ஐ.ஆர். ரகங்களுக்குப் போனது. பயிரின் செல் சுவரைக் கெட்டியாக்கி நோயைத் தடுக்கிறது அது என்று 2017-இல் சீன விஞ்ஞானிகள் விளக்கினார்கள்.

இதைவிட ஆச்சரியம் புகையான் விஷயம். அந்தப் பழுப்புத் தத்துப்பூச்சி தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சி, வட்டம் வட்டமாக வயலைத் தீய்த்துவிடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டி.கே.எம். 6 அந்தப் பூச்சிக்குப் பலியாகிற நெல். ஆனால் அதையும் ஐ.ஆர். 24-ஐயும் ஒட்டுச் சேர்த்துப் பிறந்த ஐ.ஆர். 26, புகையானைத் தாங்கி நின்றது. பெற்றோரிடம் இல்லாத குணம் பிள்ளைக்கு எப்படி வந்தது? 1974-இல் வெளியான ஆய்வு இதை அவிழ்த்தது. டி.கே.எம். 6-இல் எதிர்ப்பு மரபணு இருந்தது, அதன் வாயைக் கட்டுகிற இன்னொரு மரபணுவும் கூடவே இருந்தது. ஒட்டுச் சேர்த்தபோது இரண்டும் பிரிந்தன, கட்டு அவிழ்ந்தது. வெளித்தோற்றத்தை வைத்து "இந்தப் பழைய நெல்லில் ஒன்றும் இல்லை" என்று தூக்கிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1973-இல் ஐ.ஆர். 26 வெளியானது. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் கண்ணுக்கெட்டிய தூரம் அதையே நட்டார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் புகையான் அந்த ரகத்தையும் தின்ன ஆரம்பித்தது!

நெல் மாறவில்லை. பூச்சி மாறியது. பூச்சிக்குள்ளும் வித்தியாசம் உண்டு இல்லீங்களா? லட்சத்தில் ஒன்றிரண்டு இந்த எதிர்ப்பை மீறிச் சாறு உறிஞ்சக்கூடியதாக முன்பே இருந்திருக்கும். எங்கே பார்த்தாலும் ஐ.ஆர். 26 என்று ஆனபோது மற்றவை பட்டினியில் செத்தன, அந்த ஒன்றிரண்டு பெருகின. ஒரு பெண் பூச்சி இருநூறு முந்நூறு முட்டை வைக்கும். ஒரு மாதத்துக்குள் முட்டை தாயாகிவிடும். நமக்கு ஒரு போகம் முடிவதற்குள் அதற்கு மூன்று தலைமுறை முடிந்துவிடும். புதிய நெல்லைப் பூச்சி எட்டிப் பிடித்த ரகசியம் இதுதான். பாக்டீரியாவும் அப்படியே செய்தது. இலைக்கருகலைத் தாங்கும் அந்த மரபணு உள்ள ரகங்கள் பிலிப்பைன்ஸில் பரவிய பிறகு, அதை மீறக்கூடிய நோய்க்கிருமி வகை அங்கே அதிகமானது.

பிறகு 1976-இல் ஐ.ஆர். 36 வந்தது. புகையானுக்கு வேறொரு எதிர்ப்பு மரபணு அதில் இருந்தது. அந்த மரபணுவை முதலில் அடையாளம் கண்டது நம்ம அம்பாசமுத்திரத்து ஏ.எஸ்.டி. 7 ரகத்தில். அதோடு, குட்டைப்புல் நச்சுநோய்க்கு எதிர்ப்பு வேண்டுமென்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்ததில், உத்தரப் பிரதேசத்துக் காட்டு நெல் ஒன்றில் மட்டும் அது கிடைத்தது. குட்டை ஓரத்தில் தானாக முளைக்கிற, நாம் களை என்று தள்ளுகிற காட்டு நெல்! அதுவும் ஐ.ஆர். 36-க்குள் போனது. டி.கே.எம். 6-ம் அதன் முன்னோர்களில் ஒன்று.

விதைக் கதை இது. வயல் பக்கத்துக் கதையும் கேளுங்கள். முன்காலத்தில் புகையான் நம்ம நாடுகளில் இவ்வளவு பெரிய பூச்சியாக இருந்ததில்லை. தழைச்சத்து அதிகம் போட்டோம், நெருக்கி நட்டோம், தூரில் வெயில் படாமல் ஈரம் தங்கியது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று இடைவெளி இல்லாமல் நெல்லே நின்றது. பூச்சிக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு. அதற்கு மேல் கண்டபடி மருந்து அடித்தோம். வயலில் சிலந்தியும், புகையான் முட்டையைத் தின்கிற சின்ன நாவாய்ப்பூச்சியும் இருக்கின்றன. மருந்தில் அவைதான் முதலில் செத்தன. புகையானின் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருந்து பொரித்தது. மருந்துக்குத் தப்பியதில் மருந்தைத் தாங்குகிற பூச்சியே மிஞ்சியது. மருந்தும் ஒரு சல்லடைதானே! 1986-இல் இந்தோனேசிய அரசு 57 வகைப் பூச்சிமருந்தை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடை போட்டதற்குக் காரணம் இதுவே.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

முதலாவது, ஊர் முழுக்க ஒரே ரகத்தை நட வேண்டாம். 2000-ஆம் ஆண்டில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் ஆயிரக்கணக்கான விவசாயிகள், குலைநோய்க்கு எளிதில் ஆளாகிற பசை நெல்லையும் அதைத் தாங்குகிற வேறு ரகத்தையும் வரிசை மாற்றி நட்டது பற்றிய ஆய்வு வெளியானது. பசை நெல்லில் குலைநோய் 94 சதவீதம் குறைந்திருந்தது. மருந்து செய்கிற வேலையை ரகக் கலப்பே செய்தது.

இரண்டாவது, போகத்துக்குப் போகம் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், நடுவில் உளுந்தோ எள்ளோ போடுங்கள். எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் விட்டு நடுங்கள். தழைச்சத்தைப் பிரித்துப் போடுங்கள். பூச்சியைக் கண்டதும் மருந்துக் கடைக்கு ஓடாமல், தூரைத் தட்டிப் பார்த்துச் சிலந்தி எத்தனை, புகையான் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். புது ரகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விளைச்சல் இல்லாமல் வீடு நடக்காது. ஆனால் வீட்டில், உறவுக்காரர் வீட்டில், பழைய நெல் ஒரு கைப்பிடி இருந்தால் அதை அடியோடு விட்டுவிடாதீர்கள். ஒரு மூலையில் அரை சென்ட் நிலம் போதும். விதையை வங்கியில் குளிரூட்டிப் பாதுகாக்கிறார்கள், அதுவும் அவசியம். ஆனால் குளிர் அறையில் விதை தூங்குகிறது, அங்கே சல்லடை இல்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பாகி வருகிறது, மழை தப்பிப் பெய்கிறது, புதுப் புதுப் பூச்சி வருகிறது. உங்கள் நிலத்தில் வருஷா வருஷம் விளைகிற விதைதான் இந்த மாறுதலோடு சேர்ந்து நடந்து வரும்.

எந்த நெல்லுக்குள் எந்தக் குணம் வாய் கட்டிக் கிடக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. திரூர்குப்பத்து நெல் அதற்குச் சாட்சி. ஒரு மரபணு தொலைந்தால் கடையில் வாங்க முடியாது. அது உண்டாக எத்தனை வெள்ளமும், எத்தனை உப்பும், எத்தனை தலைமுறை விவசாயியும் வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்த்து, விதைநெல்லைக் கோட்டையில் கட்டும்போது பழையதற்கும் ஒரு சின்ன முடிச்சு போட்டு வையுங்கள்.